கண்டெடுத்தவனுக்கே சொந்தமா?

முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர், தமது வண்டியின் பின்னிருக்கையில் கிடந்த பணப்பையை உரியவரிடம் ஒப்படைத்தால் அது செய்தியாகிறது. ஒரு பக்கத்தில் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, மறுபக்கத்தில் பணத்தைத் திரும்பப் பெற்றவர், நடுவில் கூச்சத்துடன் நிற்கும் சாரதி எனப் படமும் வெளியாகிறது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் இத்தகைய செய்திகளை எண்ணற்ற தடவைகள் படித்திருக்கிறேன். அவை ஒருபோதும் எனக்கு முழு மகிழ்ச்சியை அளித்ததில்லை. ஏனெனில், அந்தப் பாராட்டின் அடியில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. ஏழையின் கையில் பிறர் பணம் அகப்பட்டால் அது திரும்பி வராது என்பதே பொதுவிதி, இவர் விதிவிலக்கு என்று அச்செய்தி சொல்லாமற் சொல்கிறது. வங்கி முகாமையாளர் ஒருவர் தாம் கண்டெடுத்த பையைத் திருப்பிக் கொடுத்தால் எவரும் அவரைப் படம் பிடிப்பதில்லை.

இந்தப் பொதுவிதி உண்மைதானா? 2019 ஆம் ஆண்டில் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000 க்கும் அதிகமான பணப்பைகளை ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். வங்கி, விடுதி, பொலிஸ் நிலையம், அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில், "வீதியில் கண்டெடுத்தேன், உரியவரிடம் சேர்ப்பியுங்கள்" என்று சொல்லி அவற்றைக் கொடுத்துவிட்டுச் சென்றனர். சில பைகளில் பணம் இல்லை. சிலவற்றில் சிறு தொகை இருந்தது. பணம் இல்லாத பைகளில் நூற்றுக்கு 40 அளவில் உரியவருக்கு அறிவிக்கப்பட்டன. பணம் இருந்தவற்றிலோ நூற்றுக்கு 51. பெருந்தொகை வைத்துச் சோதித்த மூன்று நாடுகளில் இது 72 ஆக உயர்ந்தது. பணம் கூடக் கூட நேர்மையும் கூடியது! பொருளியல் அறிஞர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, அவர்களும் இதைச் சரியாகக் கணிக்கவில்லை. மனிதர் தம்மைத் தாமே திருடராகக் காண விரும்புவதில்லை என்பதே ஆய்வாளர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது.

எனவே, சாதாரண மனிதனின் நேர்மையைப் பற்றி நாம் அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயினும், பணத்தை வைத்துக்கொள்பவர்களும் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் சொல்லும் நியாயங்கள் எப்போதும் மூன்றுதான். நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுத்திருப்பான் என்பது முதலாவது. இழந்தவனுக்கு இது பெரிய இழப்பல்ல என்பது இரண்டாவது. இது ஆண்டவன் எனக்குக் காட்டிய வழி என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சற்று ஆராய்வோம்.

வேறொருவன் எடுத்திருப்பான் என்பது வேறொருவனின் குற்றத்தைப் பற்றிய ஊகமே. செய்யாத குற்றத்துக்கு அவனைக் குற்றவாளியாக்கி, செய்த குற்றத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் தந்திரம் அது. இரண்டாவது நியாயமோ இன்னும் வியப்பானது. இழந்தவன் யாரென்றே தெரியாது என்று சொல்பவர், அவனுடைய வசதியை மட்டும் எவ்வாறு அறிந்தார்? அந்தப் பணம் மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குக் கட்டவேண்டிய பணமாக இருக்கலாம். சீட்டுப் பிடித்து மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணமாக இருக்கலாம். மூன்றாவது நியாயத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் சமயவாதிகள். ஆனால் எந்தச் சமயமும் இதற்கு இடங்கொடுக்கவில்லை. வழிதவறிவந்த அயலவனின் மாட்டைக் காணாததுபோற் போகாதே, கொண்டுபோய்ச் சேர் என்று விவிலியத்தின் உபாகமம் கட்டளையிடுகிறது. கண்டெடுத்த பெறுமதியான பொருளை ஓராண்டு காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்று இஸ்லாமியச் சட்டம் விதிக்கிறது. திருக்குறளிலோ பிறர் பொருளை விரும்பாமைக்கென்றே வெஃகாமை என ஓர் அதிகாரமும், கள்ளாமை என இன்னோர் அதிகாரமும் உள்ளன. "சிவன் சொத்து குல நாசம்" என்று நடுங்கும் எம்மவர்கள், அயலவன் சொத்தும் குலநாசந்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் 386 ஆம் பிரிவு, பிறர் ஆதனத்தை நேர்மையீனமாகத் தனதாக்கிக் கொள்வதைக் குற்றமாக்குகிறது. பாதுகாப்பதற்காகவோ திருப்பிக் கொடுப்பதற்காகவோ ஒரு பொருளைக் கண்டெடுப்பது குற்றமல்ல. ஆனால், உரியவர் யாரென்று அறிந்திருந்தும், அல்லது அறிவதற்கு வழியிருந்தும், அதைத் தனதாக்குபவர் குற்றவாளியே. உரியவரைக் கண்டறிய நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். அவர் வந்து கேட்பதற்குப் போதிய காலம் பொருளை வைத்திருக்க வேண்டும். இவற்றுக்கு முன் அதில் கைவைப்பது குற்றம். இந்தியாவில் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2024 இல் புதிய சட்டம் வந்தபின்னரும் இந்த விதி மாறவில்லை. வீதியில் விழுந்த பணத்துக்கு மட்டுமல்ல, வங்கியின் தவறால் அல்லது அனுப்பியவரின் கைப்பிழையால் நமது கணக்குக்கு வந்து சேரும் பணத்துக்கும் இதே அறந்தான் பொருந்தும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் இதை இன்னும் நன்கு அறிவர். ஜேர்மனியில் கண்டெடுத்தவருக்கு உரியவர் சட்டப்படி வெகுமதி கொடுக்க வேண்டும். முதல் 500 யூரோ வரை நூற்றுக்கு 5, அதற்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 3. அறிவித்து ஆறு மாதமாகியும் எவரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவரைச் சேரும். யப்பானில் வெகுமதி நூற்றுக்கு 5 முதல் 20 வரை. காத்திருக்கும் காலம் மூன்று மாதம். நேர்மையைப் புகழ்ந்து படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், நேர்மையாக நடப்பதற்குரிய வழியை அந்நாடுகள் அமைத்துக் கொடுத்திருக்கின்றன.

இதுவரை சொன்னவை தனிமனிதரைப் பற்றியவை. இனி, நான் உண்மையில் கேட்க விரும்பும் கேள்விக்கு வருகிறேன். கண்டெடுத்தவர் அரசாங்கமாக இருந்தால்?

2009 மே மாதத்தில் வன்னிப் போர் முடிவுக்கு வந்தது. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடத்துக்கு இடம் ஓடி, ஈற்றில் எல்லாவற்றையும் இழந்து முகாம்களை அடைந்தனர். விடுதலைப் புலிகளின் நிருவாகத்தின் கீழ் இயங்கிய தமிழீழ வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகள் இராணுவத்தின் கைக்குப் போயின. வேறு இடங்களிலிருந்து மீட்கப்பட்ட நகைகளும் அவ்வாறே போயின. 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச உரிமையாளர்கள் சிலருக்கு நகைகளைக் கையளித்தார். பிறகு மௌனம். எஞ்சியிருந்த ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் முறைப்படி கையளித்தது 2025 மே மாதத் தொடக்கத்தில். இடையில் கழிந்தவை 16 ஆண்டுகள்!

கண்டெடுத்த பணப்பையை ஒரு சாரதி 16 ஆண்டுகள் வீட்டில் வைத்திருந்து, பின்னர் அயல்வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்தால், அவருடைய படத்தைப் பத்திரிகையில் போடுவோமா? அவரைக் கூண்டில் ஏற்றியிருப்போம். தன் குடிமகனுக்கு 386 ஆம் பிரிவைக் காட்டும் அரசு, அதே பிரிவின் அறத்தைத் தனக்குப் பொருந்தாததாகக் கருதுவது எவ்வாறு?

அரசின் சார்பில் சொல்லப்படும் நியாயங்களைப் பாருங்கள். அவை புலிகளின் நகைகள் என்பது ஒன்று. அடகு என்பதன் பொருள் தெரிந்த எவரும் இதைச் சொல்லமாட்டார். அடகு வைத்தவர் கடனாளியாகிறார். நகையின் உரிமையை இழப்பதில்லை. அடகு பிடித்தவரிடம் இருப்பது வெறும் வைத்திருக்கும் உரிமை. அடகுக்கடைக்காரர் குற்றவாளியாகிச் சிறைசென்றால், அடகு வைத்த பெண்ணின் தாலிக்கொடி அரசுடைமை ஆகிவிடுமா? 1990 களின் தொடக்கத்தில் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுண் எனத் திருப்பித் தருவதாகச் சொல்லித் திரட்டிய தங்கமும் கொடுத்தவர்களின் கடனே அன்றி நன்கொடை அல்ல.

பற்றுச்சீட்டு எங்கே, ஆவணம் எங்கே என்று கேட்பது அடுத்த நியாயம். பிள்ளையைத் தூக்குவதா பையைத் தூக்குவதா என்று தெரியாமல் எறிகணைகளுக்கிடையே ஓடிய தாயிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது சட்டமாக இருக்கலாம். நீதியாக இருக்க முடியாது. இதற்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் வாரிசுகள் சுவிற்சர்லாந்து வங்கிகளுக்குச் சென்று உறவினரின் வைப்புப் பணத்தைக் கேட்டபோது, மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். மரண முகாம்கள் மரணச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினவா? அரை நூற்றாண்டு கடந்து, உலகின் கண்டனத்துக்குப் பின்னரே வழி பிறந்தது. 1997 இல் கேட்பாரற்றுக் கிடந்த கணக்குகளுக்கு உரியோரின் பெயர்கள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. 1998 இல் 125 கோடி அமெரிக்க டொலருக்கு வங்கிகள் இணங்கின. கோரிக்கைகளை ஆராய்ந்த தீர்ப்பாயம் ஆவணம் இல்லை என்பதற்காக எவரையும் விரட்டவில்லை. கோருபவரின் கூற்று நம்பத்தக்கதா என்பதையே அளவுகோலாகக் கொண்டது.

இவ்வளவு பெரிய குழப்பத்தில் உரியவரைக் கண்டுபிடிக்க இயலாது என்பார்களாயின், யப்பானைக் காட்டலாம். 2011 மார்ச் மாத ஆழிப்பேரலையில் ஊர்கள் அடித்துச் செல்லப்பட்டபோது, கரையொதுங்கிய 5,700 அளவிலான பணப்பெட்டகங்கள் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பொலிஸார் அவற்றைத் திறந்து, உரியவர்களைத் தேடி, மிகப் பெரும்பகுதியைச் சில மாதங்களிலேயே சேர்ப்பித்தனர். அங்கே வீடுகள் இல்லை, முகவரிகள் இல்லை, உரியவர்களிற் பலர் உயிரோடும் இல்லை. எனினும் மனம் இருந்தது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. நகைகளின் விபரப்பட்டியல் தமிழில் வெளியிடப்பட வேண்டும். பிரதேச செயலகம்தோறும் கோரிக்கைகளை ஏற்கும் ஏற்பாடு வேண்டும். சத்தியக்கடதாசி, அயலவரின் சாட்சி, நகையின் அடையாளம், திருமணப் புகைப்படம் ஆகியவை சான்றாக ஏற்கப்பட வேண்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கும், வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தின் ஊடாகவும் வழி திறக்கப்பட வேண்டும். ஈற்றில் கேட்பாரற்று எஞ்சுவது திறைசேரிக்குப் போகலாகாது. அது வன்னியில் கணவனை இழந்த பெண்களுக்கும், அங்கங்களை இழந்தவர்களுக்கும் உரியது. பிரித்தானியாவில் 15 ஆண்டுகள் தீண்டப்படாத வங்கிக் கணக்குகளின் பணத்தைச் சமூகப் பணிக்குப் பயன்படுத்த 2008 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் உரியவர் எப்போது வந்து கேட்டாலும் பணம் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. காலம் கடந்தாலும் உரிமை கடப்பதில்லை.

அரசை மட்டும் குறைகூறி முடித்தால் பலர் கைதட்டக்கூடும். ஆனால் அது அரை உண்மையாகிவிடும். புலம்பெயர்ந்த நாடுகளில் பனியிலும் இரவு வேலையிலும் உழைத்த மக்கள், தாயகத்தின் பெயரால் பணம் கொடுத்தனர். வங்கியில் தம் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்தவர்களும் உள்ளனர். 2009 மே மாதத்துக்குப் பின் அந்தப் பணமும், அதனால் வாங்கிய சொத்தும் எவர் கையில் எஞ்சினவோ, அவர்களும் கண்டெடுத்தவர்களே. பணத்தைக் கேட்க வேண்டிய அமைப்பு இல்லாமற் போனதால் பணம் தமதாகிவிட்டது என்று அவர்கள் கருதினால், அவர்களுக்கும் நகைகளை அடைத்து வைத்திருந்தவர்களுக்கும் என்ன வேறுபாடு? கொடுத்த மக்கள் இருக்கிறார்கள். எந்த மக்களுக்காகக் கொடுத்தார்களோ அந்த மக்களும் இருக்கிறார்கள். கணக்குக் காட்டுவது அவர்களின் கடமை. இராணுவத்திடம் கணக்குக் கேட்கும் தகுதி, தம்மவரிடமும் கணக்குக் கேட்பவர்களுக்கே உண்டு.

பொருளைத் தொலைத்தவன் தொலைத்த அந்தக் கணத்திலேயே தன் உரிமையைத் தொலைத்துவிடுவதில்லை. புயலில் கப்பலின் பாரத்தைக் குறைக்கக் கடலில் எறிந்த சரக்குகூட எறிந்தவனுக்கே சொந்தம், அதை ஆதாயம் கருதி எடுப்பது திருட்டு என்று 1,500 ஆண்டுகளுக்கு முன்னரே யஸ்ரீனியன் தொகுத்த உரோமச் சட்டம் சொல்லிவிட்டது. இலங்கையின் உரோமன்-டச்சுச் சட்டத்தின் வேர் அதுதான். வன்னி மக்கள் தம் நகைகளை விரும்பி எறியவில்லை. உயிரைக் காக்கவே கைவிட்டனர். அந்த நகைகளை நிறுத்துப் பார்த்தவர்களுக்குத் தங்கத்தின் எடை தெரிந்திருக்கும். ஒரு பெண் தன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி அடகு வைத்த நாளின் கனத்தை எந்தத் தராசில் நிறுப்பது?