நம் வேகத்தில் ஏறுவோம்!



தாம்பரத்தில் வளர்ந்த நமக்குச் சைக்கிள் புதிதன்று. சேலையூர், மேடவாக்கம் சாலைகளில் எதிர்க்காற்றில் மிதித்துப் பழகிய கால்கள் நம்முடையவை. ஆனால் மலை?

சென்ற விடுமுறையில் நானும் என் தோழியும் பரங்கிமலைச் சாலையில் சைக்கிளில் ஏறினோம். சமதரையில் எப்போதும் நானே முந்துவேன். அந்தத் துணிவில், மெலிந்த உடல்வாகு கொண்ட அவளை விடாமல் துரத்தினேன். பாதி வழியிலேயே மூச்சு முட்டியது. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவளோ மேலே நின்று கையசைத்தாள்! "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும், எதிலும் நீ முதல் இல்லை" என்று அம்மா சிரித்தார்கள். அச்சொல் என் மனத்தில் தைத்தது. எல்லாம் ஓரளவு வல்லவருக்கு மலையில் இடமே இல்லையா?

காரணத்தை முதலில் காண்போம். சமதரையில் காற்றே பெரிய எதிரி. வலிமை மிக்கவர் அதைக் கிழித்து முன்னேறுவார். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் தடையும் குறைகிறது, புவியீர்ப்பு எதிரியாகிறது. ஒவ்வொரு கிலோ எடையையும் மேலே தூக்கியாக வேண்டும். இருவர் ஒரே வலிமையுடன் மிதித்தால், 50 கிலோ எடையுள்ளவர் 60 கிலோ எடையுள்ளவரை முந்துவார். இது சோம்பலன்று, இயற்பியல்!

ஆயினும் பல நாள் பந்தயம் ஒரே ஒரு மலையன்று. நெதர்லாந்து வீராங்கனை மரியான் வோஸ் சாலை, ஓடுதளம், சேற்றுப் பாதை ஆகிய மூன்றிலும் உலகப் பட்டம் வென்றவர். இத்தாலிய மகளிர் சுற்றுப் பந்தயத்தை 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 2022இல், தமது 35ஆம் வயதில், எட்டு நாள் மகளிர் டூர் டி பிரான்ஸில் இரண்டாம் நாளே முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையைப் பெற்றார். ஏழாம் நாள் மலை வந்தது. மலையேற்றத்தில் வல்லவரான அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தனியே பறந்தார்; மஞ்சள் சட்டை கைமாறியது. ஆனால் வோஸ் பந்தயத்தை விட்டு விலகவில்லை. மறுநாளும் மலையேறி முடித்து, புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையை வென்றார். இரண்டு நாள் முதலில் வந்தவரும் அவரே! இதைத் தோல்வி என்போமா?

இத்தகையோர் மலையை எப்படிச் சமாளிக்கின்றனர்? முன்னே பறப்பவரைத் துரத்துவதில்லை. அடிவாரம் முதலே தம் மூச்சுக்கேற்ற வேகத்தைக் காக்கின்றனர். இலேசான கியரில் சீராக மிதிக்கின்றனர். பசிக்கும் முன்பே உண்கின்றனர். பின்தங்கியோர் கூட்டாகச் சென்று, அன்றைய கால எல்லைக்குள் முடிக்கின்றனர். இழந்த நேரத்தை இறக்கத்திலும் சமதரையிலும் மீட்கின்றனர். சிலர் மலைக்கு முன்பே முந்திச் சென்றுவிடுகின்றனர். பெல்ஜிய வீரர் வாவ்ட் வான் ஆர்ட் 2021இல் அவ்வாறு முன்னணிக் குழுவில் சேர்ந்து, வான்டூ மலையை ஒரே நாளில் இருமுறை ஏறி வென்றார்!

நம் மாநிலத்திலும் மலை உண்டு. 2008இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தில் பலர் அஞ்சுவது, மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையை. 36 கொண்டை ஊசி வளைவுகள்! முதல் வளைவிலேயே முழு மூச்சையும் செலவிட்டவர், கடைசி வளைவுக்கு வண்டியைத் தள்ளித்தான் செல்ல வேண்டும்.

என் கருத்து இதுவே: ஒரு துறையில் சிறந்தவரைப் போற்றுவோம், எல்லா நாளும் தளராமல் ஓடி முடிப்பவரையும் போற்றுவோம். பரங்கிமலையில் என் பிழை, மெதுவாக ஏறியதன்று. தோழியின் வேகத்தில் ஏற முயன்றதே.

அடுத்த விடுமுறையில் மீண்டும் போகிறோம். அவள் முன்னே போகட்டும். நான் என் வேகத்தில் ஏறுவேன். ஆனால் இம்முறை வண்டியை விட்டு இறங்கமாட்டேன்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி