கொடுக்கவும் கற்கட்டும் இளையோர்

கொரோனாவால் பிள்ளைகள் இழந்த கல்வியை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. முதற்கண் தெரிந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் நம் கன்னியாகுமரியும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர், மாலைதோறும் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தனர்.

கற்பிக்கும் பொறுப்பை இளையோரிடம் தருகிறது சமூகம். திருவிழாவுக்கு வீடுவீடாகச் சென்று பணம் திரட்டவும் அவர்களையே அனுப்புகிறது. ஆனால் அப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் அவையில் அவர்களுக்கு இருக்கை அரிது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு வழக்கம் உண்டு. அங்குள்ள வட்டார அறநிதிகளுக்குக் கெல்லாக் அறக்கட்டளை பொருளுதவி செய்தபோது, இளையோருக்கான நிதியைப் பகிர்ந்தளிக்க இளையோர் குழுவே அமைய வேண்டும் என்றது. வந்த விண்ணப்பங்களைப் பள்ளி மாணவரே ஆராய்ந்து, யாருக்கு உதவுவதெனத் தீர்மானித்தனர்.

நம் பங்குகளிலும் இது இயலாததன்று. மாலைப் படிப்பகங்களுக்கென ஆண்டுக்கு 5,000 ரூபாயை இளையோர் ஐவரிடம் ஒப்படைப்போம். தந்தை ஆழ்கடல் சென்றுள்ள தூத்தூர் வீட்டிலும், பெற்றோர் ரப்பர் பால் வெட்டும் குலசேகரம் வீட்டிலும் பிள்ளைக்கு வேண்டுவது விளக்கா, நோட்டுப் புத்தகமா, சிற்றுண்டியா என்பதை நேற்றுவரை அவ்வாறே படித்தவர் நன்கறிவர்.

நிபந்தனைகள் மூன்று போதும்: தம் உறவினர் கேட்கும் உதவியில் உறுப்பினர் வாக்களிக்கலாகாது, மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கை அனைவர் முன்னும் வாசிக்க வேண்டும், பெரியோர் வினவலாம், முடிவை மாற்றலாகாது.

தவறு நேராதா? நேரலாம். சிறுதொகையில் நேரும் தவறு, நாளை ஊர்ப்பணத்தை ஆள்வோர் இன்று செலுத்தும் கல்விக் கட்டணம். அதைச் செலுத்த நாம் தயங்கலாமா?