'வடக்கன்'னு கூப்பிடுறது சும்மா ஜாலிக்குத்தானா?

"தம்பிக்கு எந்த ஊரு... நேபாளமா?"

"மணிப்பூர்ண்ணா."

"ஏதோ ஒண்ணு. ரெண்டு டீ கொண்டா!"

டேபிளில் சிரிப்பு. அந்தத் தம்பியும் சிரிக்கிறார், டீயும் வருகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் அங்கே ஒண்ணு நடந்திருக்கு. சொந்த நாட்டுக்காரர் ஒருவரை, முகத்தை மட்டும் வெச்சு வெளிநாட்டுக்காரர் ஆக்கிட்டோம்.

இதுக்குப் பேர் 'மைக்ரோ அக்ரஷன்'. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தினமும் சந்திக்கும் சின்னச் சின்ன அவமதிப்புகளைக் குறிக்க, 1970-ல் செஸ்டர் பியர்ஸ் என்ற ஹார்வர்டு மனநல மருத்துவர் உருவாக்கிய சொல். அவரும் கறுப்பினத்தவர்தான். செருப்புக்குள்ள மாட்டின சின்ன கல் மாதிரி இது. ஒரு அடி வைக்கும்போது ஒண்ணும் தெரியாது. நாள் முழுக்க நடக்கிறவருக்குத்தான் வலி தெரியும்.

'இதெல்லாம் ஒரு விஷயமா?'ன்னு தோணுதா? டெல்லியிலோ மும்பையிலோ வேலை பார்க்கும் நண்பரிடம் 'மதராசி' என்ற வார்த்தையைப் பற்றிக் கேளுங்க. 1960-களின் மும்பையில், தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று குறிவைக்கப்பட்டார்கள். 'எங்க வேலையெல்லாம் இவனுங்களுக்கே போகுது' - இந்த வரியை இப்போ யாரைப் பற்றி, யார் சொல்றாங்க?

கிண்டல் எப்போதும் கிண்டலோடு நிற்பதில்லை. 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவை டெல்லி லாஜ்பத் நகர் கடை ஒன்றில் தோற்றத்தை வைத்துக் கேலி செய்தார்கள். அது தகராறாகி, அடிபட்ட அவர் மறுநாள் இறந்துபோனார். 2020-ல் கொரோனா வந்தபோது, பல நகரங்களில் வடகிழக்கு மக்களைப் பார்த்து 'கொரோனா' என்றே கத்தினார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவை பொய்யானவை என்று காவல்துறை விளக்கியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. வதந்தி பொய்தான். ஆனா, அதுக்குள்ள பயந்து ஊருக்கு ரயில் ஏறினவங்க இருக்காங்க. தினமும் நம்மகிட்ட மரியாதையான வார்த்தையைக் கேட்டிருந்தா, அவங்க அவ்வளவு சீக்கிரம் நம்பியிருப்பாங்களா?

"அப்போ இந்தித் திணிப்பை எதிர்க்கக் கூடாதா?" தாராளமா எதிர்க்கலாம். அது அரசின் கொள்கையோடு நமக்கு இருக்கும் சண்டை. பானிபூரி விற்கிறவரோடு இல்லை. இன்னொண்ணு, நாம 'இந்திக்காரன்' என்று சொல்பவரின் தாய்மொழி வங்காளமாகவோ, ஒடியாவாகவோ, போஜ்புரியாகவோ இருக்கலாம். கோடிக்கணக்கானோர் பேசும் போஜ்புரிக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்னும் இடமில்லை. நம்ம மொழி வலியைப் புரிஞ்சுக்கக்கூடியவரே அவராக இருக்கலாம்!

நானும் விதிவிலக்கு இல்லை. 'வடமாநில இளைஞர் கைது' என்று எந்த உறுத்தலும் இல்லாமல் தலைப்பு வெச்சிருக்கேன். உள்ளூர்க்காரர் திருடினால் 'தமிழ்நாட்டு இளைஞர் கைது' என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஒருத்தருக்குக் குற்றம் தனிப்பட்டது, இன்னொருத்தருக்கு அது ஊரின் குணம். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே சில வருஷங்கள் ஆச்சு.

உங்களை நீங்களே பரிசோதிக்க நாலு கேள்விகள்:

* அதே வயசு உள்ளூர்க்காரரை 'நீங்க'ன்னு கூப்பிடுற நான், இவரை ஏன் 'நீ'ங்கிறேன்?

* பஸ்ஸில் இவர் பக்கத்து சீட் காலியா இருந்தும் ஏன் நிக்கிறேன்?

* ஏதாவது காணாமப்போனா, என் கண்ணு முதல்ல யார் மேல போகுது?

* வாடகை வீட்டுக்கு ஆள் கேட்டு வந்தா, 'எந்த ஸ்டேட்?'ங்கிறது ஏன் முதல் கேள்வியா இருக்கு?

பதில் சங்கடமா இருந்தா, நீங்க மோசமானவர்னு அர்த்தமில்லை. கவனிக்க ஆரம்பிச்சுட்டீங்க, அவ்வளவுதான். யாராவது 'அப்படிப் பேசாதீங்க'ன்னு சொன்னா, 'சும்மா ஜாலிக்குச் சொன்னேன்'னு வாதாடாம, 'ஸாரி'ன்னு சொல்லிப் பழகலாம். வாட்ஸ்அப் குரூப்ல அடுத்த 'வடக்கன்' மீம் வரும்போது, ஃபார்வர்டு பண்ணாம விட்டுடலாம்.

உங்க தெரு சலூன்ல ரெண்டு வருஷமா உங்களுக்கு முடி வெட்டுறாரே, அவர் பேர் என்ன? தெரியலைன்னா, அடுத்த தடவை அங்கிருந்தே ஆரம்பிங்க.