கிடங்கில் நால்வர், வகுப்பறையில் முப்பதின்மர்

120 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அறையை எண்ணிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அதைக் ‘கிடங்கு’ என்று எழுதினால் அதற்குள் இருப்பவர்களாகக் கணக்கிடப்படுவோர் 4 பேர். ‘நூலகம்’ என்று எழுதினால் 12 பேர். ‘வகுப்பறை’ என்று எழுதினால் 30 பேர். சுவர் நகரவில்லை, கூரை உயரவில்லை. மாறியது ஒரு சொல் மட்டுமே. இது என் கற்பனைக் கணக்கன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓர் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று வகுத்துரைக்கும் அட்டவணை ஒன்றுண்டு. சேமிப்புக் கட்டடத்துக்கு 30, அலுவல் கட்டடத்துக்கு 10, கல்விக் கட்டடத்துக்கு 4. (நூலகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அலுவல் பிரிவில் வங்கிகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் இதில் பெருமைப்படுவதா வருந்துவதா என்பதை அவரவர் உதவித்தொகையைப் பார்த்து முடிவுசெய்யலாம்.) இந்த ஆள் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே வாயிலின் அகலமும் படிக்கட்டின் அகலமும் வரையறுக்கப்படுகின்றன.

2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர் இறந்தனர். அந்த அடித்தளத்துக்கு அனுமதிக்கப்பட்ட பயன்பாடு வண்டி நிறுத்தமும் பொருள் சேமிப்பும். அங்கு நடந்துவந்தது நூலகம். மறுநாள் தொடங்கி நாடெங்கும் ஒலித்த சொல் ‘விதிமீறல்’. அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

விதிமீறல் என்று சொன்னவுடன் விதி குற்றமற்றதாகிவிடுகிறது. உரிமையாளர் ஒருவர், லஞ்சம் வாங்கிய அதிகாரி ஒருவர், முத்திரையிடப்பட்ட சில கதவுகள் என்பதோடு விவாதம் முடிந்துபோகிறது. அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரே வகை மீறல் நகரந்தோறும் தெருத்தெருவாக நிகழும்போது, விதி எழுதப்பட்டிருக்கும் மொழியையும் படித்துப் பார்க்கவேண்டியது மொழியியல் படித்தவர்களின் கடமையாகிறது.

விதித்தொகுப்பு கட்டடங்களை ஒன்பது பிரிவுகளாகப் பகுக்கிறது: குடியிருப்பு, கல்வி, காப்பு நிறுவனங்கள், கூடுகை, அலுவல், வணிகம், தொழில், சேமிப்பு, பேராபத்துடையவை. ஏ முதல் ஜே வரை ஆங்கில எழுத்துகள் வரிசையில் நிற்க, ‘ஐ’ மட்டும் விடுபட்டிருக்கிறது. 1 என்ற எண்ணோடு குழம்பிவிடும் என்பது காரணமாக இருக்கலாம். ஆயினும், அம்மொழியில் ‘நான்’ என்று பொருள்படும் எழுத்து மனிதர் வாழும் இடங்களின் பட்டியலில் இல்லை என்பதைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்பகுப்பின் அடிப்படை ‘ஆக்குபன்சி’ என்னும் கருத்து. ஒரு கட்டடமோ அதன் பகுதியோ முதன்மையாக எதற்குப் பயன்படுத்தப்படுகிறதோ, அல்லது எதற்குப் பயன்படுத்தக் கருதப்பட்டிருக்கிறதோ, அதுவே அதன் ஆக்குபன்சி என்கிறது வரையறை. இதிலுள்ள ‘அல்லது’ என்னும் இடைச்சொல்லைக் கவனியுங்கள். பயன்படுத்தப்படுவது நிகழ்காலச் செய்தி. கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்கது. பயன்படுத்தக் கருதப்பட்டது ஒருவரின் மனக்கிடக்கை. அதற்குச் சான்று அவரே தந்த வரைபடம். இரண்டையும் ஒரு தட்டில் வைத்தால் எது வெல்லும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அனுமதி கேட்கும் நாளில் கட்டடமே எழும்பியிருக்காது. அன்று இருப்பது கருத்து மட்டுமே. ஆட்கள் வந்து அமர்ந்த பிறகு அந்தப் பெயரை மீண்டும் கேட்பவர் யார்?

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். வாயில்களைக் கணக்கிட உண்மையான ஆள் எண்ணிக்கையையே கொள்ளவேண்டும், அது அட்டவணை தரும் எண்ணுக்குக் குறையக்கூடாது என்றுதான் தொகுப்பு கூறுகிறது. எழுதியவர்கள் மனிதரை மறந்தவர்கள் அல்லர். வரைபடத்தை அவர்கள் சரிபார்க்கும் நாளில் மனிதர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று ஒன்றைச் சிறுவயதிலேயே படிக்கிறோம். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரன்று, ஊரார். இடத்தின் பெயர் அங்குள்ள மனிதருக்கு ஆகிவருகிறது. வகைப்பாட்டு ஆவணங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே இடத்தின் பெயர் மனிதரை விழுங்கிவிடுகிறது. ‘சேமிப்பு’ என்று எழுதப்பட்ட தளத்தில் நூறு பேர் அமர்ந்திருந்தாலும் ஆவணத்தைப் பொறுத்தவரை அங்கிருப்பவை பொருள்கள், உயர்திணை அஃறிணையாகிவிட்டது. ‘ஆக்குபன்சி’ என்னும் சொல்லிலாவது இடத்தை நிறைத்திருக்கும் ஆளின் நிழல் உண்டு. தமிழில் நாம் ‘பயன்பாடு’ என்று எழுதும்போது அந்த நிழலும் விடுபடுகிறது.

இனி, இதை வாசிப்பவர்களுள் பலர் வசிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் தனிவீட்டில் வெளியாருக்கு அறைகளை வாடகைக்கு விடலாம். ஆனால், ஓர் அறையில் அவ்வெளியார் மூவருக்கு மேற்பட்டால் அது தனிவீடு என்னும் உட்பிரிவிலிருந்து நீங்கித் தங்குவிடுதி என்னும் உட்பிரிவுக்குப் போய்விடும் என்கிறது அதே தொகுப்பு. ஓர் அறைக்குள் நான்காவது மாணவி பெட்டியோடு நுழையும் கணத்தில் அந்த வீடு வீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள ‘பேயிங் கெஸ்ட்’ விடுதிகளை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். மாடிக்கு மாடி தடுப்புப் பலகை வைத்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, இரவு பத்து மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகும் அவ்விடங்களுள் எத்தனை இன்னும் ‘வீடு’ என்ற பெயரில் வரி கட்டுகின்றன? பூட்டுக்குப் ‘பெண்களின் பாதுகாப்பு’ என்று பெயர். அப்பூட்டு தீயிடமிருந்து காக்காது.

குடியிருப்புப் பிரிவின் உயிர்நாடி தூக்கம். உறங்க இடமளிக்கும் கட்டடமே குடியிருப்பு. உறங்குபவர் புகையை உடனே அறியார், எழுந்து வழி காணவும் நேரமாகும் என்பதால் இது அறிவார்ந்த அளவுகோல்தான். ஆனால், 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் டெல்லி அனாஜ் மண்டியின் குறுகிய சந்தில் 43 பேர் இறந்தார்களே, அவர்கள் சிறுதொழிற்கூடங்கள் இயங்கிய தளங்களிலேயே உறங்கியவர்கள். பகலில் தொழிலாளி, இரவில் குடியிருப்பவர்; ஒரே தரை, ஒரே பாய். முதன்மைப் பயன்பாடு எது என்று கேட்கும் விதி, அதைச் சார்ந்த துணைப் பயன்பாடுகளை முதன்மையானதற்குள்ளேயே அடக்கிக்கொள்கிறது. புலம்பெயர்ந்த உழைப்பாளியின் தூக்கம் நம் நகரங்களில் எப்போதும் துணைப் பயன்பாடுதான்.

கருத்தரங்கு மொழியில் பழகிய நண்பர்கள் இந்த இடத்தில் ‘வகைப்படுத்தலே வன்முறை’ என்று சொல்லக் காத்திருப்பது எனக்குத் தெரியும். அவ்வாக்கியத்தை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சொல்லிப் பாருங்கள். மனநலம் குன்றியோர் 28 பேர் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் இறந்தனர். உள்ளிருப்போரின் நடமாட்டச் சுதந்திரம் கட்டுப்படுத்தப்படும் இடங்களுக்கென்றே விதித்தொகுப்பில் ஒரு பிரிவு உண்டு. அது மனநல மருத்துவமனைகளையும் சிறைகளையும் ஒரே உட்பிரிவில் அடைக்கிறது. அதன்மீது எனக்குக் கடும் மறுப்பு உண்டு. ஆயினும், அந்தக் கொட்டகையை அப்பிரிவின் பெயரால் அழைக்க யாராவது ஒருவர் துணிந்திருந்தால், சங்கிலியைப் பற்றியும் கூரையைப் பற்றியும் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும். அவர்களைக் கொன்றதில் வகைப்பாட்டுக்குப் பங்கில்லை; வகைப்படுத்தாமல் விட்டதற்குப் பங்குண்டு.

‘கும்பகோணத்தில் பள்ளி, பள்ளி என்றுதானே அழைக்கப்பட்டது, 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்துபோகவில்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சரியான பெயர் உயிரைக் காப்பாற்றிவிடாது. ஆனால், பள்ளி என்ற பெயர் இருந்ததால்தான் கூரை வேய்ந்த வகுப்பறை பள்ளிக்கு ஆகுமா என்று தமிழ்நாடே கேட்டது. பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் இறங்கின. கிடங்கென்று எழுதப்பட்ட இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

ஆகவே, பெயரிடும் அதிகாரம் உரிமையாளரின் வரைபடத்தில் தொடங்கி அங்கேயே முடியக்கூடாது. விதித்தொகுப்பு தானாகச் சட்டமாவதில்லை. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தத்தம் விதிகளில் ஏற்கும்போதே அது கட்டுப்படுத்துகிறது. எனவே, கேட்கவேண்டிய இடம் மாநகராட்சி. பகலிலும் இரவிலும் நேரில் கண்ட பயன்பாட்டை வைத்துக் குறித்த கால இடைவெளியில் வகைப்பாட்டைப் புதுப்பிக்கவேண்டும். அப்பெயரும் ஆள் எண்ணிக்கையும் வாசற்கதவில், அவ்வூர் மொழியில் எழுதப்படவேண்டும். மின்தூக்கிக்குள் ‘8 நபர்கள்’ என்று எழுதியிருக்கிறது. பேருந்துக்குள் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கிறது. முந்நூறு பேர் எட்டு மணிநேரம் அமர்ந்திருக்கும் அறைக்கு வெளியே அப்படியோர் எண் எழுதப்பட்டு நான் கண்டதில்லை.

இதற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நீங்கள் படிக்கும், வேலைசெய்யும் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் உங்கள் தளத்துக்கு என்ன பெயர் எழுதப்பட்டிருக்கிறது, அங்கு எத்தனை பேர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சிக்கு அனுப்புங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அக்கட்டணம் 10 ரூபாய். பல மாநிலங்களிலும் அவ்வளவே. பதில் வந்ததும் அறைக்குள் இருக்கும் தலைகளை எண்ணி, இரண்டு எண்களையும் இப்பதிவின் கீழே எழுதுங்கள்.