பொய்லருக்குத் தாள் உண்டு, பொய்லர்காரருக்கு இல்லையா?



ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் அது ஏறத்தாழ 1,600 லீற்றர் இடத்தைக் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் இரும்புக்குள் அடைத்து வைத்து வேலை வாங்குவதுதான் பொய்லர். அதனருகே பகலும் இரவும் முறைபோட்டு நிற்பவர் நம்முடைய ஆள். சீனி ஆலையில் கரும்புச் சக்கை எரிப்பவர், சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையில் உமி போட்டு நெல் அவிப்பவர், மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய்ச்சும் சூட்டுக்கு விறகு தள்ளுபவர், எல்லோரும் ஒரே நெருப்போடு மல்லுக்கட்டுபவர்கள். இந்த வேலை உங்களுக்குத் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், நம்மில் பலர் கையைத்தான் காட்டுவோம். சூடுபட்ட கை.

அது போதாது என்கிறோம் நாம்.

விறகும் உமியும் எரிக்கும் பொய்லர்கள் ஒருபுறமிருக்க, டீசலிலும் உலை எண்ணெயிலும் எரியும் பொய்லர்கள் ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், சலவைக்கூடம் என்று எங்கும் உண்டு. நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடங்கள் இவை. எண்ணெய் பொய்லரைப் பூட்டுவதைக் குழாய் பொருத்துகிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். நொசில் பொய்லரின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பம்பின் அழுத்தத்தை மானி வைத்துப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். பற்றவைக்குமுன் உள்ளே தங்கிய எண்ணெய்ப் புகையை விசிறி வெளியே தள்ள வேண்டும். சுவாலை அணைந்தால் அதைக் கண்காணிக்கும் கருவி உடனே எண்ணெயை நிறுத்த வேண்டும். தண்ணீர் குறைந்தால் நெருப்பு தானாக நிற்க வேண்டும். காற்றுக் குறைந்தால் கரி படியும். மணமில்லாத நச்சு வாயுவும் வரும். "அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது" என்று அந்தப் பாதுகாப்பு வயரை நேராகக் கட்டிவிட்டுப் போகிறவன், அடுத்த முறைக்கு வருபவனின் உயிரை அடகு வைத்துவிட்டுப் போகிறான்.

இதை மற்ற நாடுகள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் புரொக்டன் நகரில் 1905 மார்ச் 20ஆம் திகதி சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றின் பொய்லர் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலம் பொய்லருக்கென்று கண்டிப்பான சட்டம் போட்டது. இந்தியாவில் 1923 முதல் பொய்லர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பொய்லரைப் பார்த்துக்கொள்பவருக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு. அப்படியிருந்தும் 2020 யூலை 1ஆம் திகதி நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பொய்லர் வெடித்தது. உயிரிழந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பிரித்தானியாவில் எண்ணெய் பொய்லர் வேலைக்கு ஒப்டெக் என்ற பதிவு முறை உண்டு. பூட்டுவதற்கு ஒரு தேர்வு, இயக்கிப் பழுது பார்ப்பதற்கு வேறொரு தேர்வு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். அங்கே ஒரு தொழிலாளியின் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

நம் நாட்டில்? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொய்லருக்குப் பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, நீர்மட்டக் கண்ணாடி எல்லாம் இருக்கச் சொல்கிறது. அதிகாரி வந்து பரிசோதிக்கச் சொல்கிறது. நல்லது. ஆக, பொய்லருக்குத் தாள் உண்டு. விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் சட்டப்படி வேலையாளுக்கு நட்டஈடும் உண்டு. செத்த பிறகு குடும்பத்துக்கு ஒரு தாள் கிடைக்கும். உயிரோடு நிற்கும்போது அவர் கையில் ஏன் ஒரு தாள் இல்லை?

வழி இல்லாமலில்லை. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. வகுப்பில் இருந்து படிக்காத, ஆனால் வருடக்கணக்காகத் தொழில் செய்தவரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் இருக்கிறது. இதை நம்மிடம் வந்து சொன்ன முதலாளி எத்தனை பேர்?

"பயிற்சி கொடுத்தால் கட்டாருக்கு ஓடிவிடுவான்" என்கிறார்கள். போகட்டுமே! தாள் இல்லாமலும் போகத்தான் செய்கிறான். அங்கே ஹெல்ப்பராக நின்று ஹெல்ப்பர் சம்பளம் வாங்குகிறான். இருக்க வேண்டுமென்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள், அறிவைக் குறைக்காதீர்கள். "இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லையே" என்கிறார்கள். புரொக்டனிலும் மார்ச் 19 வரை ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. உழைத்துக் கற்ற தொழிலுக்கு அத்தாட்சி கொடுப்பதும் அந்தக் கடனில் சேர்ந்ததே.

ஹிங்குராண சீனித் தொழிற்சாலை 1997இல் மூடப்பட்டு, பல வருடங்களின் பின்தான் மீண்டும் திறந்ததை நாம் மறக்கவில்லை. ஆலைக் கதவு பூட்டப்படும்போது கையில் சான்றிதழ் உள்ளவர் வேறு கதவைத் தட்டலாம். இல்லாதவர் கூலிக்காரராகவே வீதிக்கு வருவார்.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒவ்வொரு முறைக்கும் தகுதி பெற்ற ஒருவராவது பொய்லரடியில் நிற்க வேண்டும்.

பொய்லர், பேர்னர் வேலைப் பயிற்சி சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற, பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களில் தமிழில் நடக்க வேண்டும். பயிற்சி நாள் சம்பள நாளாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

அனுபவமுள்ளவரின் மதிப்பீட்டுச் செலவை ஆலை கட்ட வேண்டும். சேவைக் கடிதத்தை மறுக்கக்கூடாது.

பாதுகாப்புக் கருவி கட்டிவிடப்பட்டிருந்தால் நெருப்பை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அதற்காக ஒரு சதமும் வெட்டக்கூடாது.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இன்றே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். எந்தப் பொய்லர், என்ன எரிபொருள், எத்தனை அழுத்தம், அன்று என்ன பழுது பார்த்தீர்கள் என்று திகதி போட்டு எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். மேற்பார்வையாளரிடம் கையெழுத்துக் கேளுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான். அதை எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். மிச்சத்தைச் சங்கமாக நின்று கேட்போம்.