முதலில் மடி, பிறகு அடி!



"மெக்கானிக்கல் படிக்கிற பயலுக்கு அச்சகத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தெரியும் நண்பர்களே, பட்டுத் தெரிந்துகொண்டேன்!

எனக்கு ஊர் பாலசமுத்திரம். செமஸ்டர் லீவு விட்டால் பஸ் ஏறிப் பழனிக்குப் போய், ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவேன். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்கு நோட்டீஸ், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை என்று வேலைக்குப் பஞ்சமில்லை.

ஒரு நாள் பக்கத்துக் கிராமத்துக் கோயில் கமிட்டிப் பெரியவர் வந்தார். "தம்பி, கும்பாபிஷேக மலர். 16 பக்கம், 500 புக்கு. வெள்ளிக்கிழமை வேணும்ப்பா" என்றார். "சரிங்கய்யா" என்று அன்றே ஆரம்பித்துவிட்டேன். மேட்டர் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வந்தது. வர வர டைப் செய்து பக்கங்களை நிரப்பினேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 18!

பைண்டிங் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏன்டா தம்பி, 18-ஐ எப்படி மடிச்சுப் பின் அடிப்பே?" என்று சிரித்தார். ஒரு தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். ஆகவே நடுவில் பின் அடிக்கும் புத்தகம் 16 அல்லது 20 பக்கம்தான் வரும். 20 ஆக்கினால் தாள் செலவு கூடும், கமிட்டியிடம் காசில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்தைச் சிறிதாக்கி, மேலும் கீழும் ஓரத்தைக் குறைத்து, பதினெட்டைப் பதினாறுக்குள் திணித்தேன். பெரியவரின் செல்போனுக்கு அனுப்பினேன். கட்டை விரலைக் காட்டினார். அச்சடித்தாயிற்று, மடித்தாயிற்று, பின் அடித்தாயிற்று. கட்டிங் மிஷினில் கத்தி இறங்கியது. நன்கொடையாளர் பட்டியலின் கடைசி வரி போயே போச்சு!

கட்டைப் பிரித்த அன்று மாலையே ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். "101 ரூபா குடுத்தேன் சாமி. எம்பேரு எங்க?" கொய்யாத் தோட்டத்தில் கூடை தூக்கிச் சேர்த்த கூலியாம். நான் என்ன பதில் சொல்ல?

அந்த வரியைத் தனிச் சீட்டாக அடித்து, 500 புத்தகத்திலும் ராத்திரி முழுக்க ஒட்டினோம். முதலாளி திட்டவில்லை. "கத்திக்குப் பேரு தெரியாது தம்பி, உனக்குத்தான் தெரியணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை!

யோசித்துப் பாருங்கள். டிராயிங் ஹாலில் ஷீட்டை ஒட்டியதும் வட்டம் போடுகிறோமா? முதலில் பார்டர், டைட்டில் பிளாக்; பிறகு எந்த ஸ்கேல், எந்த வியூ எங்கே என்று கணக்கு. அதற்கப்புறம்தான் பென்சில். அதே ஒழுங்கு அச்சு வேலைக்கும் வேண்டும் என்பதே என் கட்சி.

இப்போது நான் செய்வது இதுதான். கஸ்டமர் வந்ததும் அளவு, பிரதி, பைண்டிங், தேதி நான்கையும் கேட்டு எழுதிக்கொள்வேன். அவர் எதிரிலேயே வெள்ளைத் தாள்களை மடித்து ஒரு 'டம்மி' புத்தகம் செய்வேன். பக்க எண் போட்டு, எதில் சாமி படம், எதில் தலைவர் உரை, எதில் நன்கொடைப் பட்டியல் என்று எழுதுவேன். மடித்ததைப் பிரித்தால் ஒரு வேடிக்கை தெரியும். 16 பக்கப் புத்தகத்தில் 1-க்குப் பக்கத்தில் நிற்பது 16. 2-க்குப் பக்கத்தில் 15. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17! கூட்டல் தப்பினால் பக்கம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து ஓரம். மிஷினின் கிரிப்பர் தாளைக் கவ்வும் ஓரத்தில் அச்சு விழாது. ஓரம் வரை கலர் வேண்டுமானால், வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கலரை நீட்ட வேண்டும். எழுத்தோ கோட்டுக்கு நன்றாக உள்ளே நிற்க வேண்டும். தேர்தல் நோட்டீஸ் என்றால் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் முகவரிக்கும் இடம் விட வேண்டும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது.

"எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பண்ணிடும்" என்பார்கள் சிலர். பக்கங்களை ஜோடி சேர்க்கும், உண்மை. ஆனால் 18-ல் எந்த இரண்டைக் குறைப்பது என்று அது சொல்லுமா? அது கஸ்டமர் எடுக்க வேண்டிய முடிவு. செல்போன் திரையில் கத்தி எங்கே விழும் என்று அவருக்குத் தெரியாது. கையில் டம்மியைக் கொடுங்கள். தானே புரட்டிப் பார்த்து, "தம்பி, இதுல கொள்ளாதே, வாழ்த்துரையைச் சுருக்கிடலாம்" என்பார். அதில் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. அவசரம் என்கிற கஸ்டமருக்குத்தான் அது அதிகம் தேவை.

தமிழ் எழுத்தில் 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கப் புத்தகம். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலம் அது. தப்பினால் ஒரு கிளிக்கில் திருத்த முடியாது. நமக்குத் திருத்துவது சுலபமாகிவிட்டது. அதனால்தான் திட்டமிட மறந்துவிட்டோம்.

நண்பர்களே! நாளை நீங்கள் லேத்தில் நிற்கலாம், சைட்டில் நிற்கலாம், ஒரு டிடிபி கடையே வைக்கலாம். எங்கே நின்றாலும், வேலை கொடுத்தவரோடு உட்கார்ந்து முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டம்மி மடித்துவிட்டீர்களா? கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் யார் பெயர் இருக்கிறதென்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்!