எழுத்து கலங்கும் முன்

கறம்பக்குடியில் வந்து நிற்கும் பேருந்தின் நெற்றியில் ‘பட்டுக்கோட்டை’ என்றிருப்பதைப் பிறர் உதவியின்றிப் படித்துவிட்டு ஏறுவது ஒரு காலத்தில் பெரும் சாதனை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், வயல்வேலையும் கல்லுடைப்பும் செய்த பெண்களுக்குத் தந்த சாதனை அது. அன்று முப்பதில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுள் பலருக்கு இன்று நீரிழிவு. எழுத்து மங்கினால் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்கிறார்கள். நிறையப் படித்த நாமும் அதையேதான் சொல்கிறோம்.

பழுது கண்ணாடியில் இல்லாமலிருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உடலின் பெரும்பாலான செல்கள் தம் வாயிலைச் சுருக்கிக்கொள்ளும். விழித்திரையின் நுண்குழாய்களை உட்புறம் போர்த்தியுள்ள செல்களுக்கு அது இயலாது. உள்ளே குவியும் சர்க்கரை அவற்றை நஞ்சாய் அரிக்கிறது. குழாயை வெளியிலிருந்து அணைத்துத் தாங்கும் ‘பெரிசைட்’ செல்கள் தொடக்கத்திலேயே மடிகின்றன. தாங்கலற்ற சுவர் புடைக்கிறது, கசிகிறது. கசிவு விழித்திரையின் நடுப்பகுதியை எட்டினால் எழுத்து கலங்கும். வேறிடங்களில் குழாய்கள் அடைபட, பிராணவாயுவுக்கு ஏங்கும் விழித்திரை புதுக்குழாய்களை வரவழைக்கிறது. வலுவற்ற அவை உடைந்து குருதி கொட்டினால் பார்வையே இருண்டுவிடும்.

இவ்வளவும் வலியின்றி நடக்கிறது என்பதுதான் கொடுமை. ஆகவே ‘எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்பதை நாம் சான்றாக ஏற்பதற்கில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்கிறது. சென்னையில் முன்பு நடந்த ஆய்வுகளில் நீரிழிவாளருள் ஏறக்குறைய 18 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது.

ஆனால் இது விதியன்று. முதல்வகை நீரிழிவாளரிடம் நடந்த அமெரிக்க ஆய்வொன்று 1993-இல் முடிவுற்றபோது, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோருக்கு விழித்திரை நோய் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. கட்டுப்பாடு பின்னாளில் தளர்ந்தபோதும் அந்த நன்மை பல ஆண்டுகள் நீடித்தது. செல்களுக்கும் நினைவுண்டு போலும். முன்னரே கண்டறிந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுள் இடும் ஊசியும் பார்வையைப் பெரிதும் காக்கின்றன.

கண்டறிவதும் கடினமன்று. பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்து, ஒரு விழித்திரைப் படம், அரைநாள் பொழுது. அந்தப் படத்தைக் கணினியே படித்து நோயைச் சொல்லும் முறை 2016-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதற்கு உதவிய படங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனையினுடையவையும் சென்னை சங்கர நேத்ராலயாவினுடையவையும் இருந்தன. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. விழித்திரைப் பரிசோதனையும் அவ்வாறே, ஆண்டுக்கொருமுறை, கறம்பக்குடி போன்ற ஊர்களின் ஒவ்வொரு நீரிழிவாளருக்கும் தவறாமல் கிட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நீரிழிவுள்ள நண்பர்கள் அடுத்த புத்தகத்தை வாங்கும் முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். முப்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படித்த தாய் வீட்டில் இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.